ஈரலைத் தேடாமலே ஈரல் நோயைக் கண்டவர்

செங்கமாரி வந்துவிட்டால் எங்கள் ஊர்களில் வைத்தியம் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. கீழ்க்காய்நெல்லியைப் பிடுங்கி அரைத்து, மோரில் கலக்கி, வெறும் வயிற்றில் குடிக்கக் கொடுக்கச் சொல்வார் ஒருவர். எண்ணெயையும் மீனையும் உப்பையும் நிறுத்தச் சொல்வார் இன்னொருவர். பார்வை பார்க்கிற ஐயாவிடம் கூட்டிப் போகச் சொல்வார் வேறொருவர். சில கிழமைகளில் கண்ணில் இருந்த மஞ்சள் இறங்கிவிடும். மூவரும் தத்தம் வைத்தியந்தான் பலித்தது என்று சொல்லிக்கொள்வார்கள்.

செங்கமாரி என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஈரல் களைத்துப்போனதன் அடையாளம். எமது உடம்பில் பழைய செங்குருதிக் கலங்கள் நாள்தோறும் அழிகின்றன. அவற்றிலிருந்து ஒரு மஞ்சள் நிறக் கழிவு உண்டாகிறது. அதைக் குருதியிலிருந்து பிரித்துப் பித்தத்தோடு வெளியே அனுப்புவது ஈரல் கலங்களின் வேலை. அந்தக் கலங்கள் பழுதுபட்டால் மஞ்சள் குருதியிலே தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகிறது, சிறுநீர் தேயிலைச் சாயம் போலாகிறது. பழுதுக்குக் காரணங்கள் பல. தண்ணீரால் வரும் கிருமி, குருதியால் வரும் கிருமி, எலிக்காய்ச்சல், கசிப்பு, அளவுக்கு மிஞ்சி விழுங்கிய பனடோல் குளிசை என்று ஒரு நீண்ட பட்டியலே உண்டு. எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்திருக்கும் பெயர் ஒன்றுதான்.

2009 ஆம் ஆண்டில் வவுனியா முகாம்களில் இருந்த சகோதரிகள் பலருக்கு இந்தச் சொல்லைக் கேட்டதும் அந்த நாட்கள் நினைவுக்கு வரும். அப்போது அங்கே பரவியது ஏ வகை ஈரல் அழற்சி. மலசலம் கலந்த தண்ணீராலும் உணவாலும் தொற்றுவது. ஆளைப் படுக்கையில் போட்டாலும் பெரும்பாலும் தானாகவே மாறிவிடும், உடம்பில் தங்காது. நான் எழுத வருவது அதைப் பற்றி அல்ல. கண் மஞ்சளாகாமலே, ஒரு நோவும் காட்டாமலே, இருபது முப்பது வருடங்கள் ஈரலுக்குள் குடியிருக்கக்கூடிய பி வகையைப் பற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2022 ஆம் ஆண்டில் 25 கோடியே 40 இலட்சம் பேர் அந்தக் கிருமியோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு அது தங்களுக்குள் இருப்பதே தெரியாது.

நான் வைத்தியர் அல்ல. முப்பது வருடங்களுக்கு மேலாக வடக்கில் அரச வைத்தியசாலைகளின் ஆய்வுகூடங்களில் குருதி சோதித்து, இப்போது ஓய்வில் இருப்பவள். நீங்கள் கையை நீட்டிக் குருதி கொடுத்துவிட்டுப் போன பிறகு கதவுக்குப் பின்னால் நின்று வேலை செய்தவர்களில் ஒருத்தி. அந்த வேலையைக் கற்ற காலத்திலேயே பரூக் புளும்பேர்க் என்ற பெயரைக் கேள்விப்பட்டேன். அவருடைய கதையை எமது பெண்களுக்குச் சொல்லவேண்டும் என்று பலகாலமாக எண்ணியிருந்தேன். உங்கள் பிள்ளைக்குக் கிளினிக்கில் போட்ட ஊசிக்குள் அவருடைய உழைப்பு இருக்கிறது.

சுரினாமில் தொடங்கிய கேள்வி

புளும்பேர்க் 1925 ஆம் ஆண்டு யூலை 28 ஆம் திகதி நியூயோர்க்கில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையில் இருந்தார். பிறகு வைத்தியம் படித்தார். மாணவனாக இருந்தபோது தென்னமெரிக்காவில் உள்ள சுரினாம் நாட்டுக்குப் போய், சுரங்க ஊர் ஒன்றின் ஆஸ்பத்திரியில் சில மாதங்கள் வேலை செய்தார். இந்தியா, யாவா, ஆபிரிக்கா, சீனா என்று பல இடங்களிலிருந்து தோட்ட வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கே அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். ஒரே நுளம்புதான் எல்லோரையும் கடித்தது. ஆனாலும் யானைக்கால் நோய் ஒரு சமூகத்தாருக்கு அதிகமாகவும் இன்னொரு சமூகத்தாருக்குக் குறைவாகவும் வந்தது. ஒரே இடத்தில், ஒரே கிருமிக்கு நடுவில் வாழும் மனிதர்களில் ஒருவர் நோயாளியாவதும் மற்றவர் தப்புவதும் ஏன்? அவர் தனது வாழ்நாள் முழுக்கப் பின்தொடர்ந்த கேள்வி இதுதான்.

விடை குருதியில் உள்ள புரதங்களின் வேறுபாட்டில் இருக்கலாம் என்று அவர் நினைத்தார். ஆகவே 1950களின் பிற்பகுதியிலிருந்து உலகின் பல மூலைகளிலிருந்தும் குருதி மாதிரிகளைச் சேர்த்துக் குளிரூட்டிப் பாதுகாத்தார். அவர் ஈரலைத் தேடவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்படி ஒரு நோயைத் தேடுவதாகச் சொல்லிப் பணம் கேட்டிருந்தால் இந்த வழியில் போக ஒருவரும் அவரை விட்டிருக்க மாட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவர் கைக்கொண்ட முறை எளிமையானது. அகர் அகர் காய்ச்சி உறையவிட்டது போன்ற ஒரு மெல்லிய படையில் சிறு குழிகள் செய்யவேண்டும். நடுக்குழியில் பலமுறை இரத்தம் ஏற்றப்பட்ட ஒருவரின் குருதிநீர். சுற்றியுள்ள குழிகளில் மற்றவர்களின் குருதிநீர். பலருடைய இரத்தம் ஏறிய உடம்பு, தனக்குப் பழக்கமில்லாத புரதங்களைக் கண்டு அவற்றுக்கு எதிரான பொருளை உண்டாக்கி வைத்திருக்கும். அந்த எதிர்ப்பொருள் தனக்குரிய புரதத்தைச் சந்தித்தால் இரு குழிகளுக்கும் இடையில் ஒரு கோடு விழும். இல்லையென்றால் ஒன்றும் தெரியாது.

1963 ஆம் ஆண்டில் ஒரு கோடு விழுந்தது. ஒரு பக்கம், காயம் பட்டால் குருதி உறையாத நோயினால் அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொண்ட நியூயோர்க் நோயாளி. மறுபக்கம், அவுஸ்திரேலியப் பழங்குடி மனிதர் ஒருவர். கடலுக்கு இரு கரையில் இருந்த இந்த இருவருக்கும் என்ன தொடர்பு? ஒருவருக்கும் விளங்கவில்லை. அந்தப் புரதத்துக்கு "அவுஸ்திரேலியப் பொருள்" என்று பெயர் வைத்தார்கள். புளும்பேர்க்கும் ஹாவி ஓல்ட்டரும் இன்னொருவரும் 1965 இல் அதைப் பற்றி எழுதியபோது, அது இரத்தப் புற்றுநோயோடு சம்பந்தப்பட்டதாக இருக்கலாம் என்றே கருதினார்கள். பிற்காலத்தில் சி வகை ஈரல் அழற்சி பற்றிய ஆராய்ச்சிக்காக 2020 இல் நோபல் பரிசு பெற்றவரும் இதே ஹாவி ஓல்ட்டர்தான்.

பிறகு டவுன் குறைபாடு உள்ளவர்களைச் சோதித்தார்கள். பெரிய விடுதிகளில் நெருக்கமாக வாழ்ந்தவர்களிடையே அந்தப் பொருள் அதிகமாக இருந்தது. அதே குறைபாட்டோடு அப்போதுதான் பிறந்த குழந்தைகளிடம் அது இல்லை. பரம்பரையில் வருவதாயின் பிறக்கும்போதே இருக்கவேண்டும் அல்லவா? 1966 இல், முதலில் இல்லாதிருந்த ஒரு நோயாளியின் குருதியில் அது புதிதாகத் தோன்றியது. கூடவே அவருடைய ஈரலும் பழுதுபட்டிருப்பது தெரியவந்தது.

பார்பரா வேர்ணர் தன் குருதியைச் சோதித்த மாலை

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த ஆள் புளும்பேர்க் அல்ல. அவருடைய ஆய்வுகூடத்தின் முதல் தொழில்நுட்பவியலாளர், பார்பரா வேர்ணர். எனது வேலையைச் செய்தவர்.

1967 ஏப்ரலில் அவருக்கு உடம்பு சரியில்லாமல் இருந்தது. நாள் முழுவதும் மற்றவர்களின் குருதியோடு பழகியவர். அவுஸ்திரேலியப் பொருளுக்கும் ஈரலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற சந்தேகமும் அவருக்குத் தெரியும். ஒரு நாள் மாலை தனது குருதியையே எடுத்துக் குழியில் இட்டார். மறுநாள் காலை வந்து பார்த்தபோது மெல்லிய, ஆனால் தெளிவான ஒரு கோடு விழுந்திருந்தது. அதற்குப் பிறகுதான் அவருக்குச் செங்கமாரி கண்டது. கிருமியால் வந்த ஈரல் அழற்சியை இந்தச் சோதனையால் கண்டுபிடித்த முதல் சந்தர்ப்பம் அதுவே. அவர் முற்றாகக் குணமடைந்தார், பின்னர் கலாநிதிப் பட்டமும் பெற்றார். புளும்பேர்க் 1976 இல் நோபல் பரிசு வாங்கியபோது நிகழ்த்திய உரையில் அவருடைய பெயரைச் சொல்லியே இதை விவரித்தார்.

அந்த இரவு பார்பராவுக்கு எப்படிக் கழிந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு. நாங்கள் வேலைக்கு வந்த புதிதில் கையுறை கிடைப்பதே அருமை. குழாயை வாயில் வைத்து உறிஞ்சித்தான் குருதிநீரை அளந்தோம். கொஞ்சம் பலமாக உறிஞ்சினால் வாய்க்குள் வந்துவிடும். வந்தால் ஓடிப்போய்க் கொப்பளிப்பதைத் தவிர வேறு வழி அப்போது இருக்கவில்லை. இன்று ஆய்வுகூடத்தில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு வாயால் உறிஞ்சுவதும் இல்லை, தடுப்பூசியும் உண்டு.

அதன் பிறகு மற்ற ஆராய்ச்சியாளர்களும் இதையே கண்டார்கள். யப்பானில், இந்தப் பொருள் இருந்த இரத்தத்தை ஏற்றிக்கொண்டவர்களுக்கு ஈரல் அழற்சி வந்தது உறுதியானது. 1970 இல் இலண்டனில் டேவிட் டேன் என்பவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் முழுக் கிருமியையும் பார்த்தார். 1970களின் முற்பகுதியிலிருந்து இரத்த வங்கிகள் ஏற்றுமுன் இரத்தத்தைச் சோதிக்கத் தொடங்கின. இன்று இலங்கையிலும் ஒவ்வொரு இரத்தப் பொதியும் பி, சி வகைகளுக்கும் எச்.ஐ.வி.க்கும் இன்னும் சில நோய்களுக்கும் சோதிக்கப்பட்ட பின்னரே ஏற்றப்படுகிறது.

வெறும் உறை

புளும்பேர்க் கண்டது கிருமி முழுவதையும் அல்ல. அதன் மேலுறையை மட்டுமே. கடிதம் போட்ட ஒரு உறைக்கு ஆயிரக்கணக்கான வெற்று உறைகளைச் சேர்த்துத் தபாலில் விட்டால் எப்படியிருக்கும்? இந்தக் கிருமி அதைத்தான் செய்கிறது. ஈரல் கலத்துக்குள் புகுந்து, அந்தக் கலத்தைக்கொண்டே தன்னைப் படியெடுக்கிறது. அப்போது உள்ளே ஒன்றும் இல்லாத உறைகளையும் அளவுக்கு மிஞ்சி உண்டாக்கிக் குருதியில் விடுகிறது. எமது உடம்பின் காவற்படை அந்த வெற்று உறைகளின் பின்னால் ஓடி ஏமாறும் என்பது ஒரு கருத்து. எப்படியோ, உறைகள் அவ்வளவு ஏராளமாக இருந்தபடியால்தான் அகர் படையில் கண்ணுக்குத் தெரியும் கோடு விழுந்தது.

கடிதம் இல்லாத உறை நோயைத் தராது. ஆனால் உடம்புக்குக் கிருமியின் முகத்தைக் காட்டிக்கொடுக்கும். அப்படியானால் அதையே தடுப்பூசியாக்கலாமே என்று புளும்பேர்க்கும் அவருடன் வேலை செய்த இர்விங் மில்மனும் யோசித்தார்கள். 1969 இல் அதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். நோய்க்காவிகளின் குருதியிலிருந்து உறைகளைப் பிரித்தெடுத்து, உயிர்க்கிருமி ஒன்றும் மிஞ்சாதபடி சுத்திகரித்துச் செய்த முதல் தடுப்பூசிக்கு 1981 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

மனிதக் குருதியிலிருந்து செய்த மருந்து என்றதும் மக்கள் பயந்தார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. 1942 இல், போருக்குப் போகவிருந்த அமெரிக்கப் படையினருக்கு மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசி போட்டார்கள். அந்த மருந்தில் கலந்திருந்த மனிதக் குருதிநீரில் இந்த பி வகைக் கிருமி ஒளிந்திருந்தது. ஏறத்தாழ 50,000 பேர் செங்கமாரியோடு ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். ஆகவே குருதியே தேவைப்படாத ஒரு வழி தேடினார்கள். உறையைச் செய்யும் கட்டளையை, பாண் மாவைப் பொங்கவைக்கும் ஈஸ்ட் கலங்களுக்குள் வைத்தார்கள். ஈஸ்ட் பெருகப் பெருக உறையும் பெருகியது. 1986 இல் அந்தத் தடுப்பூசி வந்தது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் போடப்படுவது இப்படிச் செய்யப்படுவதுதான். இலங்கையில் 2003 ஆம் ஆண்டு முதல் குழந்தைகளுக்கான தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இது சேர்க்கப்பட்டது. இப்போது இரண்டு, நான்கு, ஆறு மாதங்களில் போடும் ஐந்து நோய்க்கான ஊசிக்குள் இது அடங்கியிருக்கிறது.

"அந்த ரத்தத்தில வந்ததோ மிஸ்?"

சில வருடங்களுக்கு முன் ஒரு இளம் தாய் என்னிடம் வந்தாள். அவளை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே எழுதவில்லை. போரின் கடைசி மாதங்களில் செல் துண்டு பட்டு, இரத்தம் ஏற்றப்பட்டவள். பிறகு திருமணமாகிப் பிள்ளையும் பெற்றவள். வேறு ஒரு தேவைக்காகச் செய்த சோதனையில் பி வகைக் கிருமி இருப்பதாகச் சீட்டு வந்துவிட்டது.

"அண்டைக்கு ஏத்தின ரத்தத்தில வந்ததோ மிஸ்?" என்று கேட்டாள். "மாமி எனக்கு வேற கோப்பை வச்சிட்டா. பிள்ளைக்குப் பால் குடுக்கிறதையும் நான் நிப்பாட்டிப் போட்டன்."

எங்கிருந்து வந்தது என்று இனி யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அவள் நினைத்த விடை சரியாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் என்று சொல்கிறேன், இது எல்லோரும் அறியவேண்டிய விடயம்.

இந்தக் கிருமி தானாக ஈரல் கலத்தைக் கொல்வதில்லை. கிருமி புகுந்த கலங்களை எமது காவற்படையே தேடி அழிக்கிறது. செங்கமாரியும் களைப்பும் அந்தச் சண்டையால் வருபவை. வளர்ந்த ஒருவருக்குத் தொற்றினால் சண்டை கடுமையாக நடந்து, நூற்றுக்கு 95 பேரளவில் கிருமி துரத்தப்பட்டுவிடும். பார்பராவுக்கும் அதுதான் நடந்தது. 1942 இல் நோயுற்ற படையினரைப் பல பத்து வருடங்களுக்குப் பிறகு தேடிச் சோதித்தபோதும் மிகச் சிலரே நோய்க்காவிகளாக இருந்தார்கள். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றிய குழந்தையின் நிலை இதற்கு நேர்மாறு. அதன் காவற்படைக்கு அந்நியர் யார், நம்மவர் யார் என்று இன்னும் பிரித்தறியத் தெரியாது. சண்டையே நடப்பதில்லை. செங்கமாரியும் வருவதில்லை. அப்படிப்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 90 பேர் ஆயுள் முழுவதும் கிருமியைச் சுமக்கிறார்கள். நாளடைவில் சிறுசிறு சண்டைகள் மூண்டு மூண்டு, ஈரலில் தழும்பு விழுந்து விழுந்து, அது இறுகிப்போகிறது. சிலருக்குப் புற்றுநோயாகிறது.

ஆகவே அவளிடம் தாயைப் பற்றி விசாரித்தேன். "அம்மா மகோதரம் வந்து செத்தவ. வயித்தில தண்ணி கட்டி, நாலைஞ்சு தரம் குத்தி எடுத்தவை. அப்ப எங்களுக்குப் பத்துப் பன்ரண்டு வயசு." குடிப்பழக்கமே இல்லாத பெண் ஒருத்தி மகோதரத்தில் இறந்திருக்கிறாள். அந்தக் காலத்தில், அந்த இடத்தில், அவளுடைய குருதியைச் சோதிக்க வசதி இருக்கவில்லை. சகோதரங்களையும் கூட்டிவரச் சொன்னேன். மூவர் வந்தார்கள். தம்பிக்கு இருந்தது, மற்ற இருவருக்கும் இல்லை. அவள் எனக்கு முன்னால் வெகுநேரம் பேசாமல் இருந்தாள். செல்லடிமீது இருந்த கோபத்தை அம்மாமீது மாற்றிவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருந்தது. "அவவுக்கும் அவவின்ர அம்மாவிட்ட இருந்து வந்திருக்கும்" என்றாள் கடைசியில்.

கணவருக்கும் பிள்ளைக்கும் சோதித்தோம். இருவருக்கும் இல்லை. பிள்ளை தன் ஊசிகளை ஒழுங்காகப் போட்டிருந்தது. கணவருக்கு மூன்று ஊசிகள் போடப்பட்டன. மாமியையும் ஒரு நாள் அழைத்துக் கதைத்தேன். கோப்பை, கரண்டி, சோறு, தண்ணீர், கட்டியணைத்தல், ஒன்றாகப் படுத்துறங்குதல், இருமல், தும்மல் எதனாலும் இது தொற்றாது. தாய்ப்பாலாலும் தொற்றாது. ஊசி போடப்பட்ட குழந்தைக்குப் பால் கொடுப்பதில் தடையே இல்லை. தொற்றுவது குருதியாலும் உடலுறவாலும் பிரசவத்திலும். சவர அலகு, பல் துலக்கும் தூரிகை, நகம் வெட்டி, பச்சை குத்தும் ஊசி ஆகியவற்றை ஒருவர் பாவித்ததை இன்னொருவர் பாவிக்கக்கூடாது. மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இதை முதலே ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றார். அவர்மீது குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிருமி உள்ள தாய் கருவுற்றால் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லவேண்டும். குழந்தை பிறந்து 24 மணித்தியாலத்துக்குள் முதல் தடுப்பூசியும், கூடவே தயார்நிலையில் உள்ள எதிர்ப்பொருள் ஊசியும் போட்டால் பெரும்பாலான குழந்தைகள் தப்பிவிடும். தாயின் குருதியில் கிருமி மிக அதிகமாக இருந்தால் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அவருக்குக் குளிசையும் கொடுப்பார்கள்.

இது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல என்பதற்குத் தாய்வான் சாட்சி. அங்கே 22,707 ஆண் அரச ஊழியர்களைப் பல வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்த பாமர் பீஸ்லி என்பவர், கிருமியைச் சுமப்பவர்களுக்கு ஈரல் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 200 மடங்குக்கு மேல் என்று 1981 இல் எழுதினார். 1984 இல் தாய்வான் அரசு நோய்க்காவித் தாய்மாரின் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கி, 1986 இல் பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் விரிவாக்கியது. தாய்ப்பே நகரில் 1984 இல் நூறு பிள்ளைகளில் பத்துப் பேரளவில் கிருமியைச் சுமந்தார்கள். 1999 இல் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. மெய் ஹ்வெய் சாங் என்ற பெண் வைத்தியரும் குழுவினரும், 6 முதல் 14 வயதுவரையான பிள்ளைகளிடையே ஈரல் புற்றுநோய் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்ததை 1997 இல் காட்டினார்கள். புற்றுநோயைத் தடுத்த முதல் தடுப்பூசி என்று இதைச் சொல்வது அதனால்தான்.

கீழ்க்காய்நெல்லிக்கு வைத்த பரீட்சை

தடுப்பூசி செய்த புளும்பேர்க் எமது கீழ்க்காய்நெல்லியையும் விட்டுவைக்கவில்லை. பல நாடுகளின் நாட்டு வைத்தியத்தில் செங்கமாரிக்கு அந்தச் செடி சொல்லப்பட்டிருப்பது அவருடைய கவனத்தை ஈர்த்தது. 1987 இல் அவருடைய குழுவினர், அமெரிக்க மலை எலி ஒன்றுக்கு வரும் இதே போன்ற கிருமிமீது செடியின் சாற்றைச் சோதித்து, ஓரளவு பலன் இருப்பதாகக் கண்டனர். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் புளும்பேர்க்கோடு சேர்ந்து மனிதர்களிடம் சோதித்தார். நோய்க்காவிகளில் ஒரு பகுதியினருக்குச் செடியின் தூளும், மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் தூளும் 30 நாட்கள் கொடுத்தார்கள். செடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் குருதியில் உறையைக் காணவில்லை. வெறும் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே அப்படி ஆனது. 1988 இல் இது இலண்டன் மருத்துவ இதழில் வந்தபோது எமது ஆட்கள் அடைந்த மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

ஆனால் விஞ்ஞானத்தில் ஒருவர் கண்டதை மற்றவர்களும் காணவேண்டும். தாய்லாந்தில் சோதித்தார்கள், பலன் இல்லை. நியூசிலாந்தில் சோதித்தார்கள், அங்கும் இல்லை. பல பரிசோதனைகளை ஒன்றுசேர்த்து 2011 இல் செய்த மதிப்பீடும், வெறும் தூளைவிட இது நல்லது என்று நம்பத்தக்க சான்று இல்லை என்றே முடிந்தது. எமது முன்னோர் பொய் சொன்னார்கள் என்று இதற்குப் பொருள் அல்ல. அவர்கள் கண்ணால் கண்ட செங்கமாரியில் பெரும்பகுதி தானாகவே மாறும் வகையைச் சேர்ந்தது. செடியைக் கொடுத்த பின் மாறியதைத்தான் அவர்கள் கண்டார்கள். தானாக மாறாத வகையோ மஞ்சள் காட்டாமல் உள்ளே இருந்தது. அதைக் காண அவர்களிடம் அகர் படையும் இல்லை, பார்பராவும் இல்லை.

கீழ்க்காய்நெல்லி குடிப்பவர்களோடு நான் சண்டைக்குப் போவதில்லை. செங்கமாரி வந்தால் குருதியைச் சோதிக்காமல் அதை மட்டும் நம்பி இருப்பதுதான் ஆபத்து. கர்ப்பிணிக்குச் செங்கமாரி என்றால் ஒரு நாளும் தாமதிக்கக்கூடாது. கடும் பத்தியம் என்று நோயாளியைப் பட்டினி போடுவதும் ஈரலுக்கு உதவாது, கலங்கள் புதுப்பிக்கச் சாப்பாடு வேண்டும்.

பி வகைக்கு முற்றாக அழிக்கும் மருந்து இன்னும் இல்லை. கிருமி தன் கட்டளையை ஒரு சிறு வளையமாக்கி ஈரல் கலத்தின் கருவுக்குள் பதுக்கிவைக்கிறது, மருந்து அங்கே எட்டுவதில்லை. ஆனால் அது பெருகாமல் அடக்கிவைக்கும் குளிசைகள் உண்டு. கிருமி உள்ள எல்லோருக்கும் அவை தேவையில்லை. ஆறு மாதத்துக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறை ஈரலைச் சோதித்து, யாருக்கு எப்போது தேவை என்று வைத்தியர் சொல்வார். நான் குறிப்பிட்ட அந்தப் பெண் இன்றுவரை குளிசை இல்லாமலே கிளினிக் போய்வருகிறாள். தம்பி குளிசை எடுக்கிறான், கசிப்பையும் விட்டுவிட்டான்.

புளும்பேர்க் 2011 ஏப்ரலில் தமது 85 ஆவது வயதில் காலமானார். அவருடைய பிறந்த நாளான யூலை 28 தான் உலக ஈரல் அழற்சி தினம். சோதனைக்குக் கொஞ்சக் குருதி போதும், வெறும் வயிற்றில் போகவேண்டியதும் இல்லை. வீட்டில் யாருக்காவது ஈரல் இறுகிய நோயோ, மகோதரமோ, ஈரல் புற்றுநோயோ வந்திருந்தால் அதை வைத்தியரிடம் சொல்லிச் சோதனையைக் கேளுங்கள். சீட்டில் எச்.பி.எஸ். ஏ.ஜி. என்ற எழுத்துகள் இருக்கும். அதில் வரும் எஸ் என்பது மேலுறையைக் குறிக்கிறது, அன்று அவுஸ்திரேலியப் பொருள் என்று பெயர் வைத்தார்களே, அதே பொருள்தான். எதிரே "நொன் ரியாக்ரிவ்" என்றோ "நெகற்றிவ்" என்றோ இருந்தால் உறை காணப்படவில்லை என்று பொருள், தடுப்பூசி போடாதவர் அதைப் போட்டுக்கொள்ளலாம். "ரியாக்ரிவ்" என்றிருந்தால் சீட்டைக் கிழித்தெறியாமல் பத்திரமாக வைத்திருங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி சோதித்து இரண்டு சீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், கிருமி போய்விட்டதா, தங்கிவிட்டதா என்று சொல்ல முடியும்.